விலாவில் பாயின் தடம், தலைக்கடியில் தலையணை

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் மனைவியரை விட்டு ஒரு மாத காலம் விலகி மாடியறையில் தங்கியிருந்தபோது, உமர் (ரலி) அவர்கள் அனுமதி பெற்று உள்ளே சென்றார்கள். அங்கே கண்ட காட்சி அவர்களை அழவைத்தது. பாய்க்கும் திருமேனிக்கும் இடையே விரிப்பு ஏதுமில்லை. பாயின் தடம் விலாவில் பதிந்திருந்தது. கிஸ்ராவும் கைஸரும் சுகபோகத்தில் திளைக்க, இறைத்தூதர் இந்நிலையில் இருப்பதா என்று உமர் (ரலி) அவர்கள் கலங்கினார்கள். புகாரியில் பதிவாகியுள்ள இந்நிகழ்ச்சியை ஜும்ஆ மேடைகளில் நாம் பலமுறை கேட்டிருக்கிறோம்.

ஆனால் அதே அறிவிப்பில் உள்ள இன்னொரு விவரம் நம் காதில் விழுவதேயில்லை. விரிப்பில்லாத அந்தப் பாயில், தலைக்கடியில் மட்டும் ஒரு தலையணை இருந்தது. பதனிட்ட தோலால் தைத்து, பேரீச்ச மரத்தின் நாரை உள்ளே திணித்த தலையணை அது. அறையில் குறிப்பிடத்தக்க வேறு பொருள் ஏதும் இல்லாத நிலையிலும் தலைக்கு ஒரு தாங்கல் இருந்திருக்கிறது.

இதிலிருந்து சட்டம் எடுக்க நாம் முற்படவில்லை. எளிமை என்பதன் பொருளை நாம் எவ்வளவு தவறாக விளங்கி வைத்திருக்கிறோம் என்பதை மட்டுமே சொல்ல விரும்புகிறோம். உடலுக்கு நம் மீது உரிமை உண்டு, கண்ணுக்கு நம் மீது உரிமை உண்டு என்று அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் உணர்த்தியதை நாம் அறிவோம். அந்த உடலில் கழுத்தும் அடக்கம்.

ஹதீஸ் நூல்களைப் புரட்டினால் தலையணை ஒன்றும் அற்பப் பொருளன்று என்பது புலனாகும். நபியவர்களின் காலணிகளையும் தலையணையையும் உளூத் தண்ணீரையும் பேணிக் காத்தவர் என்றே அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களைத் தோழர்கள் அடையாளம் காட்டினார்கள். தம் சிறிய தாயார் மைமூனா (ரலி) அவர்களின் இல்லத்தில் ஓரிரவு தங்கிய சிறுவர் இப்னு அப்பாஸ் (ரலி), நபியவர்களும் துணைவியாரும் தலையணையின் நீளவாக்கில் தலைவைத்துப் படுக்க, தாம் அதன் அகலவாக்கில் படுத்ததாக நினைவுகூர்ந்தார்கள். ஸஹர் முடிவதை அறியக் கறுப்பும் வெள்ளையுமான இரு கயிறுகளைத் தலையணைக்கடியில் வைத்து இரவெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அவர்களின் செய்தி இன்னும் சுவையானது. இரவின் கருமையும் விடியலின் வெண்மையும் அடங்கும் என்றால் உமது தலையணை மிக அகலமானதாயிற்றே என்ற பொருள்பட நபியவர்கள் அவரிடம் நகைச்சுவையாகக் கூறினார்கள்.

நம் வீடுகளுக்கு வருவோம். நிக்காஹ் சீர்வரிசையில் கட்டில், மெத்தையோடு தலையணைகளும் வந்து இறங்குகின்றன. வெல்வெட் உறை, சரிகைக் கரை, உள்ளே இடித்து இடித்துத் திணித்த பஞ்சு. அவை உயரமாக இருக்க வேண்டும். கட்டிலின் தலைமாட்டில் சாய்த்து வைத்தால் பார்ப்பவர் கண்ணில் படவேண்டும். மணமகனுக்கும் மணமகளுக்கும் ஒரே அளவில் ஒரு சோடி. தோள் அகன்ற ஆணுக்கும் மெல்லிய தோளுடைய பெண்ணுக்கும் எப்படி ஒரே உயரம் பொருந்தும் என்று எவரும் கேட்பதில்லை. சீரின் பெயரால் பெண் வீட்டாரிடம் பெறுவதே மார்க்கத்தில் இடறலானது. பெற்ற பொருளும் பயன்படாமல் போவது அதற்கு மேல். சில ஆண்டுகளில் அப்பஞ்சு கட்டிதட்டிப் போகிறது. புதிய தலையணை வாங்கினால் அது விருந்தினருக்கு, அடுத்தது பிள்ளைகளுக்கு. தட்டையாகிப்போன பழையது உம்மாவின் பங்காகிறது. அதை இரண்டாக மடித்து வைத்துப் படுக்கும் எத்தனையோ தாய்மார்கள் காலையில் கழுத்தைத் திருப்ப முடியாமல் எழுகிறார்கள்.

இந்த வலி முதலில் வெளிப்படும் இடம் தொழுகைதான். ருகூஉக்குக் குனிவதில் சிரமம் இருப்பதில்லை. ஸஜ்தாவும் எப்படியோ நிறைவேறிவிடும். தொழுகையை முடித்து வலப்பக்கமும் இடப்பக்கமும் ஸலாம் கொடுக்கும்போதுதான் கழுத்து பாதியில் நின்றுவிடுகிறது. ஃபஜ்ரில் இருக்கும் இப்பிடிப்பு ளுஹருக்குள் தளர்ந்துவிடுகிறது என்றால், இரவில் தலை இருந்த நிலையை முதலில் ஐயுற வேண்டும்.

தலையணையின் வேலை என்ன? மனிதனின் கழுத்தில் ஏழு முள்ளெலும்புகள் உள்ளன. பக்கவாட்டிலிருந்து பார்த்தால் அவை முன்புறமாக மெல்ல வளைந்து நிற்கும். 4.5 முதல் 5 கிலோ வரை எடையுள்ள தலையை அவ்வளைவுதான் பகலெல்லாம் சுமக்கிறது. படுத்தவுடன் அச்சுமையைத் தசைகள் இறக்கி வைக்க வேண்டும். தலையணை மிக உயரமாயின், மல்லாந்து படுப்பவரின் முகவாய் நெஞ்சை நோக்கி வளைகிறது. பிடரித் தசைகள் இரவு முழுவதும் இழுபட்டுக் கிடக்கின்றன. மிகத் தாழ்வாயின் தலை பின்னோக்கிச் சாய்கிறது. நாளொன்றுக்கு ஏழு மணி நேர உறக்கம் என்று கொண்டாலும் ஆண்டுக்கு 2,500 மணி நேரத்திற்கு மேல் கழுத்து அந்நிலையில் இருக்கிறது. தொழுகை விரிப்பின் தரத்தைப் பார்த்துப் பார்த்து வாங்கும் நாம் இதைக் கணக்கிட்டுப் பார்ப்பதில்லை.

தலையணை என்ற சொல்லே நம்மைச் சற்றுத் திசைதிருப்பிவிட்டது எனலாம். உண்மையில் அது அணைக்க வேண்டியது தலையை மட்டுமன்று, பிடரியையும்தான். மல்லாந்து படுக்கும்போது தலையின் பின்புறம் ஏற்கெனவே புடைத்திருப்பதால் அதற்குக் குறைந்த உயரமே போதும். பிடரிக்கடியில்தான் வெற்றிடம் உள்ளது. அவ்விடத்தில் சற்றுத் திரண்ட தாங்கலும், தலை அமரும் இடத்தில் சிறு பள்ளமும் இருந்தால் கழுத்தின் இயல்பான வளைவு காக்கப்படுகிறது. கடைகளில் செர்விகல் தலையணை என்று விற்கப்படுவனவற்றின் அலைபோன்ற வடிவம் இதன் பொருட்டே அமைந்தது.

இனி, வலப்பக்கம் சாய்ந்து உறங்கும் ஸுன்னத்துக்கு வருவோம். உளூ செய்து, வலப்பக்கமாகப் படுத்து, துஆ ஓதி உறங்குமாறு பராஉ இப்னு ஆஸிப் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் கற்றுத்தந்தார்கள். கன்னத்துக்கடியில் கையை வைத்துக்கொள்ளும் வழக்கமும் அவர்களுக்கு இருந்தது. பக்கவாட்டில் படுக்கும்போது தலையணையின் கணக்கு முற்றிலும் மாறிவிடுகிறது. தோள் பாயில் ஊன்றி நிற்க, காதுக்கும் பாய்க்கும் இடையே ஒரு பெரிய இடைவெளி ஏற்படுகிறது. அந்த இடைவெளியை அப்படியே நிரப்புவதுதான் தலையணையின் கடமை. பெரும்பாலான பெரியவர்களுக்கு, தலை அழுந்திய பின் எஞ்சும் உயரம் ஏறத்தாழ 10 முதல் 15 சென்டிமீட்டர் வரை தேவைப்படும். மல்லாந்து படுக்க இதைவிடக் குறைவே போதும்.

வீட்டிலேயே அளந்துகொள்ளலாம். சுவருக்குப் பக்கவாட்டில், ஒரு தோள் சுவரைத் தொடும்படி நிமிர்ந்து நின்று நேராகப் பார்க்க வேண்டும். தலையின் பக்கத்திற்கும் சுவருக்கும் இடையே உள்ள தூரத்தை வேறொருவர் அளவுகோலால் அளந்தால் ஏறக்குறைய நமக்குரிய உயரம் கிடைக்கும். ஆனால் அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது, ஏனெனில் படுக்கை அதை மாற்றிவிடும். மென்மையான மெத்தையில் தோள் அமிழ்ந்துவிடுவதால் தலையணை தாழ்வாக இருக்க வேண்டும். கோரைப்பாயில் தோள் அமிழ்வதற்கு வழியில்லை; ஆகவே முழு உயரமும் தேவை. பத்தமடையில் நம் சமுதாயத்துப் பெண்கள் நெய்யும் மெல்லிய பாயில் படுத்துப் பழகிய பெரியவர், மகன் வீட்டு மெத்தைக்கு மாறியதும் அதே தலையணையோடு கழுத்து வலி காண்பது இதனால்தான். பழி மெத்தையின் மேல் விழும்.

கன்னத்துக்கடியில் வைக்கும் கையும் சிறிது உயரத்தைக் கூட்டுகிறது. எனவே அவ்வழக்கத்தைப் பேணுவோர் தலையணையை அதற்கேற்பச் சற்றுத் தாழ்வாக வைத்துக்கொள்வது நலம். உறக்கம் ஆழ்ந்ததும் கை தானே நழுவிவிடும். நழுவாமல் தலையின் பாரம் முழுவதும் அதன் மேல் கிடந்தால் விரல்கள் மரத்துப்போகும். இன்னொன்று: தோளைத் தலையணையின் மேல் ஏற்றிப் படுப்பது பலரிடம் காணப்படும் வழக்கம். தோள் படுக்கையிலும் கழுத்தும் தலையும் தலையணையிலும் இருக்க வேண்டும். சரியாக உள்ளதா என்பதை, படுத்திருப்பவரை எதிரே நின்று பார்க்கும் ஒருவர் எளிதில் சொல்லிவிடலாம். மூக்கின் நுனி, முகவாய், நெஞ்செலும்பின் நடு ஆகிய மூன்றும் தரைக்கு இணையான ஒரே கோட்டில் இருந்தால் உயரம் பொருத்தமானது. மூக்கு கூரையை நோக்கி எழுந்திருந்தால் பஞ்சு அதிகம். தரையை நோக்கிச் சரிந்திருந்தால் பஞ்சு போதவில்லை.

குப்புறப் படுப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது விரும்பத்தகாதது என ஹதீஸ்களில் வந்துள்ளது. மூச்சுவிடுவதற்காக மணிக்கணக்கில் ஒரு பக்கமாகவே முறுக்கிக் கிடக்கும் கழுத்துக்கும் அது ஒவ்வாது.

சிக்கல் இனிமேல்தான். வலப்பக்கம் படுத்து உறங்கத் தொடங்குபவர் விடியும்வரை அப்படியே இருப்பதில்லை. இரவில் பலமுறை நம்மையறியாமல் புரண்டு படுக்கிறோம். ஒருக்களித்துப் படுக்க உயரம் வேண்டும், மல்லாந்து படுக்கத் தாழ்வு வேண்டும் என்றால், ஒரே தலையணை இரண்டுக்கும் எப்படி உதவும்? விடை எளியது. நடுவில் தாழ்வாகவும் இரு ஓரங்களில் உயர்ந்தும் தைத்தால் போதும். தலை நடுவிலிருந்து ஓரத்திற்கு உருளும்போது உயரமும் கூடிவிடுகிறது.

இதற்கு விலையுயர்ந்த பொருள் எதுவும் தேவையில்லை. 27 அங்குல நீளமும் 17 அங்குல அகலமும் கொண்ட வழக்கமான உறையில் குறுக்கே இரண்டு தையல் ஓட்டி மூன்று அறைகளாகப் பிரிக்க வேண்டும். நடு அறை 11 அங்குலம், ஓர அறைகள் தலா 8 அங்குலம். நடுவறையில் குறைவாகவும் ஓரங்களில் நிறைவாகவும் பஞ்சை நிரப்பலாம். தையல்காரர் வாயை மூடித் தைத்துவிடுவார். அதற்கு இடம் தராமல் மூன்று அறைக்கும் ஜிப் வைக்கச் சொல்ல வேண்டும். ஒரு வாரம் படுத்துப் பார்த்து, ஒவ்வொரு கைப்பிடியாக எடுத்தோ சேர்த்தோ உயரத்தைச் சரிசெய்துகொள்வதற்கு அந்த ஜிப்தான் வழி. பிடரித் தாங்கலுக்குத் தனியே எதுவும் தைக்க வேண்டியதில்லை. ஒரு பருத்தித் துண்டை இறுக்கமில்லாமல் உருட்டி, உறைக்குள் கீழ்விளிம்பு நெடுகச் செருகிவிட்டால் அதுவே திரண்ட தாங்கலாகிவிடும்.

எதை நிரப்புவது? தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூர்ப் பக்கத்திலிருந்து வரும் இலவம் பஞ்சு நம் தலைமுறைகளின் தேர்வு. அதன் இழை உள்ளே குழலாய்க் காற்றடைத்தது. ஆகவேதான் எடையற்றது, நீரையும் எளிதில் உறிஞ்சாது. முற்காலத்தில் கப்பல்களின் உயிர்காப்புச் சட்டைகளில் இதனை நிரப்பினார்கள். வெப்ப நாட்டுக்கு ஏற்றது. குறை என்னவெனில் அழுந்த அழுந்த இழை நொறுங்கித் தட்டையாகும். வெயிலில் காயவைத்துத் தட்டினால் ஓரளவு உப்பும். பொடியாய் உதிரத் தொடங்கிவிட்டால் மாற்றுவதைத் தவிர வழியில்லை. பருத்திப் பஞ்சு வியர்வையை உறிஞ்சிக் கனத்து இறுகிவிடும். முன்பெல்லாம் வில்லைத் தோளில் சுமந்து தெருத்தெருவாய் வந்து, அதன் நாணைத் தெறித்துப் பஞ்சை மீண்டும் பூவாக்கித் தருவோர் இருந்தனர். ஆந்திரத்தில் தூதேகுலர், நூர்பாஷா என்றும் கர்நாடகத்தில் பிஞ்சாரர் என்றும் அறியப்படும் முஸ்லிம்களின் குலத்தொழில் அது. இயந்திரம் வந்தபின் அந்த நாணின் ஓசை அடங்கிவிட்டது. வீட்டுக்கு வீடு தலையணையைப் புதுப்பிக்கும் வழக்கமும் அதனோடு போயிற்று. இந்த இழப்பைத்தான் இன்று ஃபோம் வாங்கி ஈடுசெய்கிறோம்.

மெமரி ஃபோம் 1966இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் ஆராய்ச்சிக்காக உருவாக்கப்பட்டது. உடற்சூட்டில் இளகித் தலையின் வடிவத்தை ஏற்கும். பாரத்தைப் பரப்பித் தாங்கும். குளிரூட்டிய அறையில் நன்று. சித்திரை மாதத்தில் மின்விசிறி மட்டும் சுழலும் நம் அறைகளில் அது வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்வது பெருங்குறை. ரப்பர் பாலில் செய்யும் லேட்டக்ஸ் அதைவிடக் காற்றோட்டமானது, நீண்ட நாள் வடிவம் மாறாதது, ஆனால் விலை கூடுதல். நபியவர்களின் தலையணையில் இருந்த நார், அரபியில் லீஃப் எனப்படுவது, பேரீச்ச மரத்தின் மட்டைகளுக்கிடையே வலைபோல் படர்வது. நம் ஊர்த் தென்னையில் அதைப் பன்னாடை என்கிறோம். தம் மண்ணில் எளிதாய்க் கிடைத்ததை அவர்கள் நிரப்பினார்கள். நமக்கு நம் மண்ணில் இலவம் காய்க்கிறது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. இன்ன வடிவத் தலையணையே ஸுன்னத்தானது என்றும், பேரீச்ச நாரில் நோய் தீர்க்கும் ஆற்றல் உண்டு என்றும், வலப்பக்க உறக்கத்தின் அற்புதங்களை விஞ்ஞானம் மெய்ப்பித்துவிட்டது என்றும் வாட்ஸ்அப்பில் வருவனவற்றை நாம் பகிரலாகாது. நபியவர்கள் சொல்லாததை அவர்கள் பெயரால் விற்பது வியாபாரத் தந்திரமன்று, பெரும் பாவம். வலப்பக்கம் படுப்பதை நாம் பின்பற்றுவது அது நபிவழி என்பதற்காகவே. அதற்கு ஆய்வுக்கூடச் சான்றிதழ் தேவையில்லை. அப்படிப் படுக்கையில் கழுத்து நோகாமல் காப்பதோ நம் அறிவைக் கொண்டு நாமே செய்ய வேண்டிய பணி. தலையணை ஒரு மருந்துமன்று. கை மரத்துப்போதல், பிடியில் வலுவிழத்தல், விழுந்தபின் தொடங்கிய வலி, காய்ச்சலோடு கூடிய கழுத்து விறைப்பு ஆகியவற்றுக்கு மருத்துவரையே நாட வேண்டும்.

குழந்தைகளைப் பற்றி அழுத்தமாகவே சொல்ல வேண்டியுள்ளது. தலை உருண்டையாக அமையும் என்று கடுகு நிரப்பிய தலையணையைப் பச்சிளங்குழந்தைக்கு வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்றும் உண்டு. ஸுன்னத் என்றெண்ணிக் குழந்தையை வலப்பக்கமாய்ச் சாய்த்து, உருளாமலிருக்க இருபுறமும் திண்டு வைக்கும் பெற்றோரும் உண்டு. இரண்டுமே ஆபத்தானவை. ஓராண்டு நிறையும்வரை குழந்தைக்குத் தலையணையோ மெத்தென்ற திண்டோ வைக்காமல், உறுதியான சமதளப் படுக்கையில் மல்லாக்கப் படுக்க வைக்குமாறே குழந்தை மருத்துவர்கள் அறிவுறுத்துகிறார்கள். மூச்சடைத்து உயிர் போகும் அபாயத்தைக் குறைக்கவே இந்த ஏற்பாடு. வலப்பக்கம் படுக்கும் ஒழுங்கு, உளூ செய்து துஆ ஓதி உறங்கச் செல்பவருக்குக் கற்றுத்தரப்பட்டது. தலையைத் தானே திருப்பிக்கொள்ள வலுவில்லாத சிசுவின் மேல் அதைச் சுமத்தும்படி எவரும் நம்மை ஏவவில்லை. இதில் பாட்டிமார் மனம் கோணினாலும் இளந்தாய் உறுதியாக நிற்கட்டும். கணவரும் அவளுக்குத் துணை நிற்கட்டும்.

வளைகுடா நாடுகளில் அடுக்குக் கட்டில்களில் உறங்கும் நம் சகோதரர்களுக்கு ஒரு சொல். ஊருக்கு அனுப்பும் பெட்டியில் மற்றவருக்கெல்லாம் பொருள் நிரப்புவோர், தாம் மட்டும் கம்பளியை மடித்துத் தலைக்கு வைத்துக்கொள்கிறார்கள். அதுவும் தாழ்ந்துவிடாது, உயரத்தை அளந்து மடித்தால். கம்பளியைத் தலைக்கு மட்டும் வைக்காமல், சிறு துண்டுச் சுருளைப் பிடரிக்குச் சேர்த்துக்கொண்டால் நாள் முழுதும் பாரம் தூக்கிய கழுத்துக்கு ஓய்வு கிடைக்கும்.

ஹஜ்ஜுக்குச் செல்வோர் முஸ்தலிஃபாவில் திறந்தவெளியில் இரவைக் கழிக்க வேண்டியிருக்கும். கைப்பையைத் தலைக்கு வைத்துப் படுத்துவிட்டு, மறுநாள் கல்லெறியும்போது கழுத்தைத் திருப்ப இயலாமல் தவிக்கும் முதியோர் உண்டு. இஹ்ராமில் ஆண்கள் தலையை மூடக் கூடாது. ஆனால் தலையணையில் தலை வைப்பது மூடுவதாகாது என்பதை அறிஞர்கள் தெளிவுபடுத்தியுள்ளனர். ஆகவே மடித்தால் உள்ளங்கையில் அடங்கும் காற்றுத் தலையணை ஒன்றைப் பெற்றோரின் பையில் வைத்தனுப்பலாம். அதை முழுக்க ஊதினால் பாறைபோல் விறைத்துத் தலையை நழுவவிடும். பாதியளவு ஊதி, கழுத்து அமிழ்ந்து தங்கும்படி வாயைத் திருகி மூடவேண்டும் என்பதையும், ஊரில் இருக்கும்போதே ஓரிரவு அதில் படுத்துப் பழகிக்கொள்ள வேண்டும் என்பதையும் சொல்லியனுப்ப வேண்டும்.